மாத்துனது யாரு

கம்பெனி எப்படித் தலையெடுத்தது என்று யாராவது கேட்டால் சாலமோன் பேச்சை மாற்றிவிடுவான். "ஏதோ ஆண்டவர் கிருபை" என்பான், "டீ சொல்லட்டுமா?" என்பான். கேட்டவர்கள், அடடா என்ன அடக்கம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அடக்கமாவது மண்ணாவது. அந்தக் கதையைச் சொன்னால் டில்லிபாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டில்லிபாபுவைப் பற்றிச் சொன்னால் தான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு இன்றுவரை அவனுக்கு வாய் வந்ததில்லை.

ராயபுரத்தில் ராசையாவின் அரிசி மண்டிக்கு மேல்மாடியில், சாக்கு வாசனைக்கு நடுவே, இரண்டு கம்ப்யூட்டரோடு ஆரம்பித்த கம்பெனி அது. வருஷம் இரண்டாயிரம். ராசையாவின் மகன்தான் சாலமோன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட கிறிஸ்தவக் குடும்பம். கூட்டாளி டில்லிபாபு, பாலிடெக்னிக்கில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன், அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சாலமோன் பேசப் போவான், டில்லிபாபு எழுத உட்காருவான்.

அவர்கள் செய்தது கடைக்காரர்களுக்கான பில் புரோகிராம் இல்லை. அப்படிப்பட்ட புரோகிராம்களை எழுதுகிறவர்களுக்கான சாமான்; கொத்தனாருக்குக் கரண்டி செய்து விற்கிற மாதிரி. அப்போது வடசென்னை முழுக்க, கன்டெய்னர் யார்டு, லாரி ஆபீஸ், பருப்பு மில் என்று எங்கே போனாலும் அழுக்கேறிய கம்ப்யூட்டர் ஒன்றும், அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் ஆள் ஒருவனும் இருப்பார்கள். அந்த ஆட்களின் பாட்டைக் குறைக்க 'ஹார்பர்' என்று ஒரு பெரிய பேக்கேஜ் செய்தார்கள். நாலு பட்டனைத் தட்டினால் திரையில் கட்டம், பட்டியல் எல்லாம் தானாக வந்து நிற்கும். சாலமோன் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டரை வருஷம் அலைந்தான். எல்லோரும் பார்த்தார்கள். "சூப்பரா கீது சார், சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.

சும்மா பார்க்கக் கொடுக்கும் ஹார்பர் சிடியில் டில்லிபாபு தன் கைக்கு எழுதிக்கொண்ட ஒரு சின்ன சமாச்சாரத்தையும் போட்டு அனுப்புவான். சாலமோன் அதற்கு வைத்த பெயர் 'கொசுறு'. கீரைக்காரி கட்டோடு சேர்த்துப் போடும் கறிவேப்பிலை மாதிரி. ஒரு புரோகிராமின் பழைய காப்பியையும் புதிய காப்பியையும் கொடுத்தால் எந்தெந்த வரி மாறியிருக்கிறது என்று அது காட்டும். பழையதை அழியாமல் எடுத்து வைக்கும். அவ்வளவுதான். ஆனால் அது பேசுவது மட்டும் சுத்தமான மெட்ராஸ் பாஷை. ஆங்கில எழுத்தில் திரையில் வரும்: "மாமு, நாப்பதாவது வரில இன்னாமோ மாறிக்கீது." அதன் கீழே: "யாரு மாத்துனது?" பதிலுக்கு மூன்று எண்கள். ஒன்று, நான்தான். இரண்டு, வேற ஆளு. மூன்று, தெர்ல.

சாலமோன் அதைச் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அந்தக் கேள்விக்கு ஒரு நாளும் அவன் பதில் தட்டிப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில் அடையாறிலிருந்து பக்தவச்சலம் என்று ஒருவர் வந்தார். பெரிய கம்பெனிகளில் ஆள் தெரிந்தவர், ஹார்பரைத் தரமணிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்றார். ஹார்பரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் கண்ணில் கொசுறு பட்டது. விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன சார் இது, சாஃப்ட்வேர் கம்பெனியா ஆட்டோ ஸ்டாண்டா?"

சாலமோனுக்குக் காது சிவந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் 'ஏலே' என்று வாய் தவறிச் சொல்லி அடி வாங்காத குறையாகக் கேலி வாங்கியவன் அவன். அந்தக் கூச்சம் எங்கேயோ ஒளிந்து கிடந்திருக்கிறது, நேரம் பார்த்து வெளியே வந்து டில்லிபாபுவின் தலையில் இறங்கியது. அவர் படியிறங்கிப் போனதும் சொன்னான்.

"டில்லி, அதெல்லாம் எடுத்துரு. எல்லாத்தையும் நீட்டா இங்கிலீஷ்ல போடு. யாரு மாத்துனதுங்கற கேள்வியே வேணாம், அது வம்பு பேசற மாதிரி இருக்கு."

டில்லிபாபு வாயில் வைத்திருந்த இழுப்பு மருந்துக் குழாயை எடுத்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். "எல்லாத்தையுமா மாமு?"

"எல்லாத்தையும். ஒரு காப்பிகூட நம்மகிட்ட இருக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது மறந்து பழசைக் குடுத்துட்டா மானம் போயிரும். புது சிடி போட்டா பழசு தானா அழியற மாதிரி வை."

டில்லிபாபு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே மூட்டை இறக்கும் சத்தம். "சர்தான். உங்க ஆளுங்களுக்கு ஒத்துக்கலன்னா தூக்கிட வேண்டியதுதான்" என்றான்.

அந்த 'உங்க ஆளுங்க' சாலமோனுக்குச் சுருக்கென்று தைத்தது. 'டேய், நான் எந்த ஆளுடா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பாவி.

பன்னிரண்டு நாள் உட்கார்ந்து டில்லிபாபு ஒவ்வொரு வரியாகத் தன் பேச்சைத் தானே எடுத்தான். பழக்கமான வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் புது சிடியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டும் வந்தான். ஜனவரியில் போகி வந்தது. விடிகாலையிலேயே தெருவுக்குத் தெரு டயரையும் பாயையும் கொளுத்தி, வியாசர்பாடியில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை. அன்றைக்கு இழுக்க ஆரம்பித்த மூச்சு நிற்கவே இல்லை. காணும் பொங்கல் அன்று ஊரே கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, முப்பத்தோரு வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் டில்லிபாபு செத்துப்போனான். மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்தார்கள். சாலமோன் மூன்று கை மண் போட்டான். மாடிக்குத் திரும்பி வந்து, காலியாக இருந்த நாற்காலியை எங்கே தள்ளி வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.

பக்தவச்சலம் அதற்குப் பிறகு போனைக்கூட எடுக்கவில்லை.

ராசையா மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏலே, அந்தப் பய போனதுல எனக்கும் மனசு சரியில்லைதான். ஆனா எத்தன நாளைக்கு இப்பிடி? ஈஸ்டருக்குள்ள ஒரு வழியப் பாரு. இல்லன்னா மேல மூட்டைய ஏத்திருவேன்." அவர் சொன்னதில் தப்பில்லை. டில்லிபாபுவின் மனைவி மதிக்கு மாதாமாதம் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பதென்று சாலமோன் மனசுக்குள் சத்தியம் பண்ணியிருந்தான். கம்பெனி மூடினால் அதுவும் போச்சு. மூடாமல் இருக்க வழியும் தெரியவில்லை.

பிப்ரவரியில் போன் வர ஆரம்பித்தது. முதலில் எத்திராஜ், புளியந்தோப்புப் பருப்பு மில்லுக்குப் புரோகிராம் எழுதுகிறவர்.

"டில்லி இல்லியா சார்?"

சாலமோன் சொன்னான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சா வந்திருப்பேன். நல்ல மனுசன்." கொஞ்சம் தயங்கினார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா அந்தப் பழசு ஒண்ணு கெடைக்குமா? கொசுறும்பாரே, அது."

"புதுசு போட்டிருக்கே. அதே வேலையத்தானே செய்யுது?"

"எங்க சார் அதே வேல? மில்லுல இருக்கறது ஒரே பொட்டி. அத்த நாலு பேரு நோண்டுவான். கிளார்க்கு ஒண்ண மாத்துவான், மொதலாளி மச்சான் ஒண்ண மாத்துவான். அப்பால எட கணக்கு ஒதைக்கும். நாப்பதாவது வரி மாறிக்கீதுன்னு புதுசு சொல்லுது. அது எனக்கே தெரியுதே. எவன் மாத்துனான்? பழசு மூஞ்சிக்கு நேரா கேக்கும். அவனவன் பேரை அடிச்சிட்டுப் போவான். அது போனப்புறம் தெனம் சண்ட சார். நம்மாளு நான்தான்னு ஒத்துகினா அது ஒண்ணு சொல்லும் பாருங்க, அத்தப் படிச்சா திட்டவே மனசு வராது."

"என்ன சொல்லும்?"

"நீங்க பாத்ததில்லியா? உங்க கம்பெனி தானே சார்?"

"பாத்திருக்கேன், பாத்திருக்கேன்" என்று அவசரமாகச் சொல்லிப் போனை வைத்தான் சாலமோன்.

அடுத்தது மணலியில் லாரி ஆபீஸ் திருமலை. அப்புறம் கொருக்குப்பேட்டையிலிருந்து, தண்டையார்பேட்டையிலிருந்து, ஒரு தடவை பெங்களூரிலிருந்துகூட. பெங்களூர் ஆளுக்கு மச்சினன் ஒருத்தன் மணலியில் இருந்தானாம், அவன் காப்பி போட்டுக் கொடுத்தானாம், அப்புறம் அவனே அனுப்பிய புது சிடி அதையும் அழித்துவிட்டதாம். மூன்று வாரத்தில் பதினோரு பேர். ஒருத்தர் விடாமல் கேட்டது அந்தக் கேள்வி கேட்கும் பழைய கொசுறைத்தான். விலை சொல்லுங்க, வாங்கிக்கறோம் என்றார்கள். ஹார்பரைப் பற்றி ஒருவர் வாயையும் திறக்கவில்லை. இரண்டரை வருஷம் தோளில் சுமந்து வீடு வீடாகத் தட்டியது சாமானே இல்லை. சும்மா அள்ளிப் போட்ட கறிவேப்பிலைதான் சாமான். அது புரிந்த அன்றைக்குச் சாலமோன் சோறு தின்னவில்லை.

இரண்டு கம்ப்யூட்டரிலும் தேடினான். பெட்டி பெட்டியாகக் கிடந்த ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றிலும் இல்லை. ஊரான் புரோகிராமின் பழைய காப்பியை எல்லாம் பத்திரமாக எடுத்து வைக்கும் சாமானைச் செய்தவர்கள், தங்கள் சாமானின் பழைய காப்பியைத் துடைத்துக் கழுவி வைத்திருந்தார்கள். டில்லிபாபு சொன்னால் சொன்னபடி செய்கிறவன். சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தான். 'யாரு மாத்துனது' என்று தட்டினான். அதற்கு மேல் அவன் கைக்கு ஒன்றும் வரவில்லை. எந்த இடத்தில் எதைக் கேட்டது, என்ன பதிலுக்கு என்ன சொன்னது என்று எதையும் அவன் படித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக வியாசர்பாடி போனான். அந்த வருஷம் ஊரே தண்ணீருக்கு லாரியை நம்பிக் கிடந்தது. மதி கீழே தெருவில், குடங்களின் வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. மேல போவ முடியாது, லாரி வர்ற டைமு."

அங்கேயே நின்று சொன்னான். பழைய கொசுறு வேண்டும், எங்கேயும் இல்லை, வீட்டில் ஃபிளாப்பி ஏதாவது வைத்திருந்தானா என்று கேட்டான். மதி இல்லை என்று தலையாட்டினாள்.

"அதுல வர்றது ஒவ்வொன்னையும் என்னாண்ட படிச்சிக் காட்டுவாருண்ணா. எனக்குப் புரிஞ்சா வெப்பாரு, புரியலன்னா அடிச்சிடுவாரு. நான் எட்டாவதுதான். உனக்குப் புரிஞ்சா எவனுக்கும் புரியும்டீம்பாரு." அவள் வரிசையைக் காட்டினாள். "யாரு மாத்துனதுன்றது எங்கேர்ந்து வந்துச்சி தெரியுமா? ஒரு நாளு என் கொடத்த எவளோ பின்னால தள்ளி வெச்சிட்டா. நான் கத்துனேன். மேல நின்னுகினு இருந்தவரு எறங்கி வந்து கேட்டாரு. எங்க போச்சி கொடம்னு கேக்காம, மொதல்ல யாரு மாத்துனதுன்னு ஏன்டீ கேட்டேன்னாரு. கொடம் எங்க போவப் போவுது, இங்கதான் கீது. எவ மாத்துனான்னு தெரிஞ்சாதான் நாளைக்கு மாத்தமாட்டா, அப்டின்னேன். அன்னிக்கே போய் எழுதிட்டாரு."

சாலமோன் குடங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எடுக்கச் சொன்னப்ப என்ன சொன்னான் மதி?"

"ஒண்ணும் சொல்லல. அந்தப் பன்னெண்டு நாளு எனக்கு எத்தையும் படிச்சிக் காட்டல. அவ்ளோதான்." குனிந்து குடத்தைச் சரியாக நிமிர்த்தி வைத்தாள். "உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசுனதில்லண்ணா. நல்லாகீதுன்னு மட்டும் நீங்க ஒரு தபா சொல்லியிருந்தீங்கன்னா..."

அவள் முடிக்கவில்லை. லாரி வந்துவிட்டது. சாலமோன் சட்டைக் கையை மடித்துவிட்டு அவளுடைய ஐந்து குடங்களையும் மூன்று மாடி ஏற்றினான். வீட்டுச் சுவரில் புத்தர் படத்துக்குக் கீழே டில்லிபாபுவின் கல்யாண போட்டோவை மாட்டியிருந்தார்கள். அதை நிமிர்ந்து பார்க்காமல் வெளியே வந்தான். வாசலில் மதி எதையோ நினைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"எண்ணூர்ல ஒரு பாய் இருக்காரே, கமால் பாய். அவராண்ட புதுசு போட முடியலன்னு சொன்ன ஞாபகம். கேட்டுப் பாருங்க."

அடுத்த நாள் காலை சாலமோன் புதிய கொசுறின் வரிகளை ஒரு ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அங்கே பழையதும் இருந்துவிட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது எது போயிற்று என்று கண்டுபிடித்துவிடலாம். இல்லையென்றால் கம்பெனியும் இல்லை, டில்லிபாபு பேசிய ஒரு வார்த்தையும் இந்த உலகத்தில் இல்லை. திருவொற்றியூர் தாண்டிக் கடலோரமாக டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. அவனுக்கு ஜெபம்கூட ஒழுங்காக வரவில்லை.

கமால் பாய் ஒரு கன்டெய்னர் யார்டின் தகரக் கொட்டகை ஆபீசில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், தானே புத்தகம் பார்த்துப் புரோகிராம் கற்றுக்கொண்டவர். டில்லிபாபு செத்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஆமா தம்பி, புது சிடி எடுத்துகினு வந்தாரு. நம்ம பொட்டில சிடி போடற எடம் கெட்டுப் போயி ஒரு வருசம் ஆவுது. நான் சொன்னேன், ஃபிளாப்பில கொண்டாந்து போடு டில்லின்னு. சிடியத் திருப்பிப் பைக்குள்ள வெச்சிகினாரு. அப்பால, வேணாம் பாய், இங்கயாவது இருக்கட்டும்னாரு. முன்னாடி இங்கயே ஒக்காந்து ரிப்பேர் பண்ணாரு பாரு, அவரு எழுதுன வரியெல்லாம்கூட இதுலதான் கீது."

இங்கயாவது. சாலமோன் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஃபிளாப்பியைச் செருகினான். பழைய கொசுறைத் திறந்து, பழசாக அதன் வரிகளையும் புதுசாகத் தான் கொண்டுவந்ததையும் கொடுத்தான். பெட்டி கரகரவென்று வெகுநேரம் இழுத்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது.

"மாமு, இருநூத்திப் பன்னெண்டு எடத்துல மாறிக்கீது. யாரு மாத்துனது?"

கீழே மூன்று எண்கள்: நான்தான், வேற ஆளு, தெர்ல.

தோளுக்குப் பின்னால் நின்று படித்த கமால் பாய், "டில்லியே தானே மாத்துனாரு. ரெண்டு போடு தம்பி, பேரு டில்லிபாபுன்னு அடி" என்றார்.

சாலமோன் ஒன்றைத் தட்டினான்.

"உன் பேரு இன்னா?" என்று கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, சாலமோன் என்று அடித்தான். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தான். எத்திராஜ் சொன்னது ஞாபகம் வந்தது, ஒத்துக்கொண்டால் அது ஒன்று சொல்லும் என்று. பார்க்கப் பயமாக இருந்தது. என்டரைத் தட்டினான்.

"சர்தான் மாமு. நீயே ஒத்துகினியே, அது போதும். பேஜாராவாத. பழசு பத்திரமா கீது."

சாலமோன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். செத்த வீட்டிலும் இடுகாட்டிலும் வராத அழுகை. கமால் பாய், வாசலில் கேட் சீட்டுக்காக நின்ற டிரைவரிடம் கொஞ்சம் பொறு என்று கைகாட்டிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே நின்றார்.

அந்த ஈஸ்டருக்கு ராசையா மாடியில் மூட்டை ஏற்றவில்லை. பழைய கொசுறை விலைக்கு வாங்கிய பதினோரு பேர் நூறானார்கள், பிறகு ஊர் ஊராகப் போனது. மதிக்கு மாதாமாதம் பங்கு போகிறது. டில்லிபாபுவின் வரிகளில் ஒரு எழுத்தைத் தொட இன்றுவரை யாருக்கும் அனுமதி இல்லை. இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு, அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாலமோன் அந்த வரியை இன்னொரு முறை படித்தான். பிறகு, ஆள் இல்லாத அறையில், திரையைப் பார்த்து, வாழ்நாளில் ஒருமுறைகூட டில்லிபாபுவோடு பேசாத டில்லிபாபுவின் பாஷையில், "நல்லாகீதுடா டில்லி" என்றான். கேட்க வேண்டியவன் மூலக்கொத்தளத்தில் மண்ணுக்கு அடியில் கிடந்தான்.